ஒரே வால்வு, இரண்டு பெட்டிகள்

வால்வு காலத்துக் கிட்டார் ஆம்ப்ளிபயரையும் பேஸ் ஆம்ப்ளிபயரையும் பின்பலகை கழற்றி அருகருகே வைத்தால், பழகிய ரேடியோ மெக்கானிக்குக்கும் எது எதற்கு என்று சட்டென்று பிடிபடாது. இரண்டிலும் முன்வரிசையில் ஈசிசி83 வகைச் சிறு வால்வுகள் நிற்கும். பின்வரிசையில் 6எல்6 அல்லது இஎல்34 என்ற தடித்த வால்வுகள் ஜோடியாக நிற்கும். ஒரு டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தை வாங்கும், இன்னொன்று ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும். இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டும் மேடையில் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யத் திணறுவதற்கான காரணத்தை வால்வுக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரிலும், பின்னால் இருக்கும் இரும்பிலும், கடைசியில் காற்றைத் தள்ளும் காகிதக் கோனிலும் தேட வேண்டும்.

ஆறு கம்பிக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. நான்கு கம்பிப் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, 41 முறை. ஒரு ஸ்தாயி இறக்கம், அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கருக்கு இந்த ஒரு ஸ்தாயி பெரும் சுமை. ஒரே கோன் அதே ஒலியளவை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால், அது முன்னும் பின்னும் நகரும் தூரம் இரண்டு மடங்கு கூடினால் போதாது. நான்கு மடங்கு கூட வேண்டும். மனிதக் காது வேறு தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. நடுத்தர சுருதியில் தெளிவாகக் கேட்கும் அளவு ஒலியை 41 ஹெர்ட்ஸில் தந்தால் காதுக்கு ஏதோ முனகல் போலத்தான் எட்டும். ஈடுகட்ட ஒலியளவை 10 டெசிபல் ஏற்றலாம் என்றால், மின்திறன் 10 மடங்கு வேண்டும். கிட்டார்காரர் 20 வாட் பெட்டியோடு சின்ன மண்டபத்தை நிரப்பிவிடுவார். பக்கத்தில் நிற்கும் பேஸ்காரருக்கு 100 வாட் இருந்தாலும் பற்றாமல் போகலாம். பேஸ் ஆம்ப்ளிபயரின் எடை, அளவு, விலை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை வேறொரு கருவி காலம் காலமாக நிரூபித்து வந்திருக்கிறது. மீலாது விழாவானாலும் மாரியம்மன் கோயில் திருவிழாவானாலும் கட்சிக் கூட்டமானாலும், மைக் செட்காரர் மூங்கில் கட்டி மேலே ஏற்றிய குழாய் ஸ்பீக்கர்தான் ஊருக்கு ஒலி தந்தது. அந்தக் கூம்பு வடிவக் குழாய் மிகத் திறமையான கருவி. சில வாட் மின்திறனை வைத்துக்கொண்டு வயல் தாண்டிக் கேட்கச் செய்யும். ஆனால் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் எதையும் தர முடியாது. கூம்பின் வாய் அகலமும் நீளமும் அதற்குப் போதாது. அதாவது, பேஸ் கிட்டாரின் அடிப்படை அதிர்வு அதன் வழியே வெளியே வருவதே இல்லை. ஆனாலும் சினிமாப் பாட்டின் பேஸ் சுரங்கள் குழாயில் ஓரளவு புரிகின்றன என்றால், அதற்குக் காரணம் காதும் மூளையும். அடிப்படை அதிர்வு இல்லாவிட்டாலும், அதன் பல மடங்குகளில் எழும் மேல் அதிர்வுகளைக் கொண்டு மூளை சுருதியை ஊகித்துக்கொள்கிறது. சுரம் தெரியும், நெஞ்சில் இடிக்காது. அந்த இடியை மேடையிலேயே உண்டாக்குவதற்காகத்தான் பேஸ் ஆம்ப்ளிபயர் என்ற தனிப் பெட்டி பிறந்தது.

வால்வு எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகளில் இஎல்84 ஒன்று. விரல் அளவு கண்ணாடிக் குப்பி. வால்வு ரேடியோக்களின் கடைசிக் கட்டத்தில் ஸ்பீக்கரை இயக்கியது இந்த வகைதான். இங்கிலாந்தில் டிக் டென்னி 1950களின் இறுதியில் வடிவமைத்த வாக்ஸ் ஏசி15 கிட்டார் ஆம்ப்ளிபயரில் இரண்டு இஎல்84 இருந்தன. அடுத்து வந்த ஏசி30இல் நான்கு. பீட்டில்ஸ் குழுவின் தொடக்க காலக் கிட்டார் ஒலி அந்த நான்கு குப்பிகளில் பிறந்தது. திண்ணையில் செய்தி படித்த வால்வும் லண்டன் மேடையில் கிட்டார் பாடிய வால்வும் ஒரே குடும்பம். 6எல்6க்கும் அதே கதை. 1936இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட அந்த வால்வு பொதுக்கூட்ட ஆம்ப்ளிபயரிலும் கிட்டார் பெட்டியிலும் பேஸ் பெட்டியிலும் வேறுபாடு பாராமல் உழைத்தது.

பேஸ் ஆம்ப்ளிபயரின் வரலாறு ஒரு தேவையிலிருந்து தொடங்குகிறது. 1951இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர், பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர மரப் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்தக் கருவியைக் கிட்டார் பெட்டியில் சொருகினால் ஸ்பீக்கர் கிழியும். எனவே 1952இல் பேஸ்மேன் என்ற பெயரில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்ட தனி ஆம்ப்ளிபயரும் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஃபெண்டர் அந்த ஒற்றை ஸ்பீக்கரை எடுத்துவிட்டு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். 1950களின் இறுதியில் வந்த 5எஃப்6-ஏ என்ற சுற்று அதன் முதிர்ந்த வடிவம்: இரண்டு 5881 வால்வுகள் (6எல்6இன் உறுதியான தம்பி), முன்னால் மூன்று சிறு வால்வுகள், ஏறத்தாழ 45 வாட்.

இங்கே வரலாறு கோணிக்கொண்டது. நான்கு 10 அங்குலக் கோன்களும் மெல்லியவை, பெட்டியின் பின்புறம் திறந்தது. பேஸ் வாசிப்பவர்களுக்கு அது அரைகுறைப் பெட்டியாகவே இருந்தது. தாழ்ந்த சுரத்தில் அழுத்திக் கேட்டால் உளறியது. கிட்டார்காரர்களோ அதில் சொருகிப் பார்த்து மயங்கிவிட்டார்கள். மெல்லிய கோன்கள் விரைவாகப் பதில் கொடுத்தன. ஒலியைக் கூட்டினால் சுரம் இனிமையாக முறிந்தது. பேஸுக்காகச் செய்த பெட்டி, வால்வு காலத்தின் மிகப் புகழ்பெற்ற கிட்டார் ஆம்ப்ளிபயர்களில் ஒன்றாகிவிட்டது.

1962இல் லண்டனின் ஹேன்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தன் கடைக்கு வரும் கிட்டார் இளைஞர்களின் நச்சரிப்பால் ஓர் ஆம்ப்ளிபயர் செய்ய முடிவெடுத்தார். அவருடைய ஆட்கள் கென் பிரானும் டட்லி கிரேவனும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பேஸ்மேனின் 5எஃப்6-ஏ சுற்றைத்தான். அப்படிப் பிறந்தது ஜேடிஎம்45. சுற்றில் பெரிய மாற்றமில்லை. மாறியவை இங்கிலாந்தில் கிடைத்த உதிரிகள். முதல் இடத்தில் ஃபெண்டர் வைத்த 12ஏஒய்7 வால்வு ஒலியை 44 மடங்கு வரை பெருக்கக் கூடியது. மார்ஷல் அங்கே வைத்த ஈசிசி83 ஏறத்தாழ 100 மடங்கு. கடைசிக் கட்டத்தில் சில காலத்துக்குப் பிறகு கேடி66 என்ற இங்கிலாந்து வால்வு வந்தது. திறந்த பெட்டிக்குப் பதிலாக நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் அடங்கிய மூடிய பெட்டி. ராக் இசையின் கிட்டார் ஒலி என்று உலகம் இன்று எதைச் சொல்கிறதோ, அதன் வேர் ஒரு பேஸ் ஆம்ப்ளிபயர்.

மார்ஷல் நிறுவனமே பிறகு கிட்டாருக்கும் பேஸுக்கும் தனித்தனி மாதிரிகள் விற்றது. இந்த இரண்டையும் ஒப்பிடுவதைவிட நல்ல பாடம் வேறில்லை. 50 வாட்டில் கிட்டாருக்கு 1987, பேஸுக்கு 1986. 100 வாட்டில் கிட்டாருக்கு 1959 என்ற சூப்பர் லீட், பேஸுக்கு 1992 என்ற சூப்பர் பேஸ். (இவை ஆண்டுகள் அல்ல, பட்டியல் எண்கள். பழைய பொருள் விற்பவர் ‘1959 மார்ஷல்’ என்றால் அது அந்த ஆண்டில் செய்தது என்று நம்பிவிடக் கூடாது. மார்ஷல் ஆம்ப்ளிபயரே 1962க்குப் பிறகுதான்.) இரண்டின் தகரச் சட்டமும் ஒன்று, வால்வு எண்ணிக்கையும் ஒன்று. 1960களின் கடைசியில் வந்தவற்றைத் திறந்து பார்த்தால், வேறுபடுபவை கைப்பிடி அளவு உதிரிகள் மட்டுமே.

முதல் வால்வின் கேத்தோடு காலில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் சேர்ந்து நிற்கும். பேஸ் மாதிரியில் இரு வால்வுப் பாதிகளுக்கும் பொதுவாக 820 ஓம் ரெசிஸ்டரும் 250 மைக்ரோஃபாரட் அளவுள்ள பெரிய கண்டென்சரும் இருந்தன. இந்தக் கண்டென்சர் தாழ்ந்த சுரத்தையும் மேல் சுரத்தையும் ஒரே அளவில் பெருக்கவிடும். கிட்டார் மாதிரியின் பளிச்சென்று ஒலிக்கும் உள்ளீட்டு வழியில் இருந்ததோ 2,700 ஓமும், வெறும் 0.68 மைக்ரோஃபாரட் கண்டென்சரும். இது நடுச்சுருதியும் மேல்சுருதியும் மட்டும் கூடுதலாகப் பெருகச் செய்து, தாழ்ந்ததைப் பின்தங்க விடுகிறது. அடுத்த கட்டத்துக்கு ஒலியைக் கடத்தும் கண்டென்சரும் அப்படித்தான். வழக்கமான 0.022 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில், கிட்டாரின் அந்த வழியில் 0.0022, பத்தில் ஒரு பங்கு. சிறிய கண்டென்சர் தாழ்ந்த அதிர்வுக்கு முட்டுக்கட்டை. டோன் பகுதியில் கிட்டாருக்கு 33 ஆயிரம் ஓம், 500 பிகோஃபாரட். பேஸுக்கு 56 ஆயிரம் ஓம், 250 பிகோஃபாரட். விலை கணக்கிட்டால் இரண்டு டீக்காசு தேறாத உதிரிகள். அவற்றை மாற்றிவிட்டால் பேஸ் பெட்டி கிட்டார் பெட்டியாகிவிடும். பழைய சூப்பர் பேஸ்களை வாங்கி இப்படி மாற்றிக்கொண்ட கிட்டார்காரர்கள் உலகெங்கும் உண்டு. மாற்றாமல் அப்படியே வாசித்து, அந்தத் தடித்த ஒலியை விரும்பியவர்களும் உண்டு.

கிட்டாரில் தாழ்ந்த சுரம் வேண்டாமா, ஏன் இப்படிக் கழிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். விடை ஒலி முறிவில் இருக்கிறது. வால்வை அதன் அளவுக்கு மேல் ஓட்டினால் அலையின் மேலும் கீழும் மழுங்கி, புதிய மேல் அதிர்வுகள் பிறக்கும். கிட்டாரில் இது கரகரப்பான இனிமை. ஆனால் முறிவு நடக்கும் போது தாழ்ந்த சுரம் வலுவாக இருந்தால் இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, பெரிய அலையின் மேல் சின்ன அலை சவாரி செய்வதால், தாழ்ந்த சுரம் உச்சம் தொடும் ஒவ்வொரு முறையும் மேல் சுரம் நசுங்கும். சேர்த்து மீட்டும் ஒரு கார்டில் உள்ள சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாசத்தில் புதிய அதிர்வுகளைப் பிறப்பிக்கும். கேட்பவருக்கு எல்லாம் சேறு. இரண்டாவது, கடத்தும் கண்டென்சர் பெரிதாக இருந்தால் பலத்த தாழ்ந்த சுரத்தில் அது மின்னூட்டம் பிடித்துக்கொண்டு அடுத்த வால்வைச் சில நொடித்துளிகள் ஊமையாக்கிவிடும். அடித்த சுரம் ‘பொத்’தென்று விழுந்து, பிறகு மெல்ல எழும். இதைத் தவிர்க்க ஒரே வழி, முறிவதற்கு முன்பே தாழ்ந்ததைக் குறைத்துவிடுவது. பின்னால் டோன் திருகியைத் திருப்பிக் குறைத்துப் பயனில்லை, சேறு அதற்குள் கலந்துவிட்டிருக்கும். நல்ல கிட்டார் ஆம்ப்ளிபயர் செய்தவர்கள் எல்லாரும் இதைக் கற்றே தேர்ந்தார்கள்.

பேஸ் பக்கம் விதி நேர்மாறு. அங்கே முதல் வேண்டுதல் முறியாத ஒலி. இதில் பிடிவாதம் காட்டியவர் நியூயார்க்கில் ஆம்பெக் நிறுவனத்தை நடத்திய எவரெட் ஹல். மரப் பேஸ் வாசித்தவர். அந்தப் பேஸைத் தரையில் ஊன்றும் ‘பெக்’ என்ற கம்பிக்குள் மைக் வைத்ததுதான் அவருடைய முதல் கண்டுபிடிப்பு. நிறுவனப் பெயரே அதிலிருந்து வந்தது. ராக் இசையின் கரகரப்பு ஹலுக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1960இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ், பேஸ் வாசிப்பவர்களின் அன்புக்குரிய பெட்டியானது. இரண்டு 6எல்6, சுமார் 25 வாட், ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். வாசித்து முடித்ததும் மேலே நிற்கும் ஆம்ப்ளிபயரைத் தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிடலாம். அங்கே பணிபுரிந்த ஜெஸ் ஆலிவரின் யோசனை அது. டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் மேடைகளில் நம்பியது இந்தப் பெட்டியைத்தான். பின்புறம் மூடிய பெட்டியும் பெரிய கோனும் கவனமாகச் செய்த துவாரமும் இருந்ததால், அந்த 25 வாட் சிறு அரங்குகளுக்குப் போதுமானதாக இருந்தது.

மின்வழங்கல் பகுதியிலும் இரண்டும் பிரிகின்றன. வால்வுக்கு 400, 500 வோல்ட் அளவில் நேர்மின்னோட்டம் வேண்டும். வீட்டு மின்சாரத்தை அப்படி மாற்றும் வேலையைப் பழைய கிட்டார் பெட்டிகளில் ஜிஇசட்34 போன்ற ஒரு வால்வே செய்தது. பலமாக ஒரு கார்டு அடிக்கும்போது அந்த வால்வால் ஈடுகொடுக்க முடியாமல் வோல்ட் சற்று இறங்கி, பிறகு மெல்ல ஏறும். வயல் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கித் தெளிவது போல. கிட்டார்காரருக்கு இது வரம்: அடி மெத்தென்று விழுந்து சுரம் நீண்டு மலர்கிறது. பேஸுக்கு இது குறை. ஒவ்வொரு சுரமும் தாளத்தோடு ஒட்டி ‘நச்’சென்று நிற்க வேண்டிய இடத்தில் நழுவிவிடும். எனவே 1960களில் பேஸ்மேன் சிலிக்கான் டையோடுக்கு மாறியது. ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற 22 வாட் கிட்டார் பெட்டியோ பழைய வால்வையே வைத்துக்கொண்டது. எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்பும் ஒலியை அலையலையாக நடுங்கச் செய்யும் டிரெமலோவும் கிட்டார் பெட்டிகளின் அணிகலன்கள். பேஸ் பெட்டிகளில் இவை அரிது. தாழ்ந்த சுரத்துக்கு எதிரொலி சேர்த்தால் தாளம் குழம்பிவிடும்.

அடுத்தது இரும்பு. வால்வு அதிக வோல்ட்டில் குறைந்த மின்னோட்டம் தரும். ஸ்பீக்கருக்குத் தேவை குறைந்த வோல்ட்டில் அதிக மின்னோட்டம். நடுவில் நின்று இதை மாற்றித் தருவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அதன் இரும்புத் தகடுகள் தாங்கும் காந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதிர்வு எவ்வளவு தாழ்கிறதோ, அதே வோல்ட்டுக்கு அவ்வளவு அதிகக் காந்தம் இரும்பில் ஏறும். 82 ஹெர்ட்ஸில் நிம்மதியாக இருக்கும் இரும்பு 41 ஹெர்ட்ஸில் நிறைந்து வழிந்து, அலை கோணிப்போகும். தீர்வு ஒன்றே: அதிக இரும்பு, அதிகச் சுற்று. பழைய பொருள் பார்ப்பவர்கள் இரண்டு பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தே எது பேஸுக்கு என்று ஓரளவு சொல்லிவிடுவது இதனால்தான். சில மலிவான கிட்டார் பெட்டிகளில் சின்ன டிரான்ஸ்பார்மர் போட்டதே தாழ்ந்த சுரத்தை இயல்பாக வடிகட்டிவிட்டது. சிக்கனத்துக்காகச் செய்தது அந்தப் பெட்டிகளின் தனிக் குரலாக நிலைத்தது.

ஸ்பீக்கர்தான் கடைசி, ஆனால் காதுக்கு முதலில் தெரிவது அதுதான். கிட்டார் ஸ்பீக்கரின் கோன் மெல்லிய காகிதம். ஓரத்து மடிப்பும் அதே காகிதத்தின் தொடர்ச்சி, விறைப்பானது. சுருள் முன்னும் பின்னும் நகரும் இடம் மிகக் கொஞ்சம். மார்ஷல் பெட்டிகளில் இருந்த செலஸ்டியன் ஜி12எம் ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் பாடும். வீட்டு ஸ்டீரியோவுக்கு இது படு மோசமான ஸ்பீக்கர். கிட்டாருக்கு இதுவே தங்கம்: 5,000க்கு மேல் எழும் எரிச்சலான கரகரப்பை வெட்டிவிடுகிறது, கோனே வளைந்து நெளிந்து தன் பங்குக்கு நிறம் சேர்க்கிறது. இதில் பேஸைச் சொருகி ஒலியைக் கூட்டினால் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 41 ஹெர்ட்ஸில் பெட்டியின் கட்டுப்பாடு கோன் மீது இல்லை. அது பெரும் தூரம் உதறத் தொடங்கும். சுருள் பின்னால் போய் காந்தத்தின் அடித்தட்டில் ‘டப் டப்’ என்று மோதும். ஓர மடிப்பில் கீறல் விழும், சுருள் கோணி உராயும். அன்றே கிழியாவிட்டாலும் சில நாட்களில் கரகரக்கத் தொடங்கிவிடும். பேஸ் ஸ்பீக்கரில் கோன் தடித்தது, ஓரம் தளர்வானது, காந்தம் பெரிது, சுருள் நகர இடம் தாராளம். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கோனுக்குப் பின்னால் மெத்தையாக நின்று அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். பல கிட்டார் பெட்டிகளின் பின்புறம் திறந்திருப்பது ஒலி மேடை முழுக்கப் பரவ உதவும். ஆனால் தாழ்ந்த சுரத்தில் முன்னால் தள்ளிய காற்றும் பின்னால் தள்ளிய காற்றும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வால்வு பேஸ் ஆம்ப்ளிபயர் எட்டிய உச்சம் 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி. 300 வாட், 14 வால்வுகள். தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். அதனுடன் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய பெட்டி. கோன்கள் சிறியவை என்றாலும் எட்டும் சேர்ந்து தள்ளும் காற்று அதிகம். ஒவ்வொன்றும் கொஞ்சமே நகர்ந்தால் போதும். தொடக்கத்தில் இதன் கடைசிக் கட்டத்தில் இருந்தவை ஆறு 6146பி வால்வுகள், அதாவது வானொலி ஒலிபரப்பிகளில் பயன்பட்டவை. பிறகு 6550க்கு மாறியது. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் முதல் மாதிரிகளே மேடையேறின. பேஸுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய கிட்டார்களுக்கும் அவைதான். பேஸ்மேனுக்கு நேர்ந்த கதை இங்கும் சற்று மாறி நடந்தது.

1970களில் டிரான்ஸிஸ்டர் பெட்டிகள் பரவியபோது இரண்டு பக்கமும் அதை ஒரே மாதிரி வரவேற்கவில்லை. பேஸ்காரர்கள் எளிதில் மாறிக்கொண்டார்கள். குறைந்த எடையில் அதிக வாட், முறியாத ஒலி, அவுட்புட் டிரான்ஸ்பார்மரே தேவையில்லை. அவர்கள் கேட்டது அதுதானே. கிட்டார்காரர்கள் வால்வை விடவில்லை. டிரான்ஸிஸ்டர் முறியும்போது கத்தரித்தது போல் முறியும், வால்வின் மெல்லிய நெகிழ்வு அதில் கிடையாது. இன்றும் விற்பனையாகும் புதிய வால்வு ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவை கிட்டாருக்கானவை.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் தனிக் குரலாக எழுந்ததும் இந்த மாற்றத்தின் காலத்தில்தான். 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜா, தானே கிட்டார் வாசிப்பவர். அவருடைய இசைக்குழுவில் சதானந்தம் கிட்டாரும் சசிதரன் பேஸும் வாசித்தார்கள். அந்தப் பாடல்களில் பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்காமல், பல்லவிக்கு எதிராக இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டு நடந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் பேஸ் கிட்டாரை ஆம்ப்ளிபயர் இல்லாமல் நேராக ஒலிப்பதிவு மேசையில் இணைப்பது உலகெங்கும் பரவிய வழக்கம். ஜேமர்சனின் மோடவுன் பதிவுகளே பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன. ஆனால் அதே பாடலை ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் குழு வாசிக்கும்போது மேசை போதாது, காற்றைத் தள்ளப் பெட்டி வேண்டும். குழாய் மட்டும் இருந்த மேடைகளில் பேஸ் வாசிப்பவரின் உழைப்பில் பாதி காற்றிலேயே கரைந்தது. மைக் செட் கடைகள் பெரிய ‘பாக்ஸ்’களையும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர்களையும் வாங்கிய பிறகுதான் அந்தக் கீழ்க்குரல் கூட்டத்தின் காலடி வரை வந்து சேர்ந்தது.

பழைய வால்வு பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் கவனிக்க வேண்டியவை சில. கிட்டாரைப் பேஸ் பெட்டியில் தாராளமாக வாசிக்கலாம். ஒலி சற்று மந்தமாக இருக்கும், எதுவும் கெடாது. பேஸைக் கிட்டார் பெட்டியில் வாசிப்பதானால் வீட்டுப் பயிற்சிக்கு மெல்லிய ஒலியில் மட்டும். தலைப்பெட்டி தனியாக இருந்தால், கிட்டார் தலையோடு பேஸ் ஸ்பீக்கரை இணைப்பது பாதுகாப்பானது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. டிரான்ஸிஸ்டர் பெட்டி பொறுத்துக்கொள்ளும். வால்வு பெட்டியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் பின்னால் எழுதியிருக்கும் அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

மின்சாரம் அடுத்த கண்ணி. அமெரிக்காவுக்காகச் செய்த ஃபெண்டரும் ஆம்பெக்கும் 117 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதால் பழைய மின்வழங்கல் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடேறும். இங்கிலாந்துப் பெட்டிகளில் வோல்ட் மாற்றும் திருகி பெரும்பாலும் இருக்கும், 50 ஹெர்ட்ஸும் அவற்றுக்குப் பழக்கம். இங்கே அவையே மேல்.

கடலூர்க் கடற்கரை முதல் வீராணத்தை ஒட்டிய லால்பேட்டை வரை ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று காகிதக் கோனை ஊறவைக்கும், வால்வு சாக்கெட்டுகளில் பாசி பிடித்தது போல் துரு ஏற்றும். மழைக்காலத்தில் பெட்டியை வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் இயக்குவது நல்லது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டியென்றால் நேராக மின்சாரத்தில் சொருகாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். மின்வழங்கல் கண்டென்சர்கள் வறண்டிருந்தால் வெடிக்கக்கூடும். அதைத் திறப்பவர் வால்வு ரேடியோ பார்த்துப் பழகியவராக இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே கைவைக்க வேண்டும்.